ட்ரோன் இறக்கைகளுக்குச் சாயமேற்றுதல்

நான்கு இறக்கை ட்ரோனில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. மாற்றிப் பூட்டினால் அது எழும்பும்போதே கவிழும். ஆகவே நிறத்தால் பிரித்தறிவது நலம்.

ஆனால் வர்ணம் பூசலாகாது. பூச்சு ஒருபுறம் தடித்தாலும் சமநிலை கெட்டு, மோட்டாரின் பேரிங் தேயும். சாயமோ உள்ளே ஊறுவது. வெண்ணிற நைலான் இறக்கைகளுக்குப் பட்டு நூல் தோய்க்கும் அமிலச் சாயமே போதும். சமையலுக்கு இனி எடுக்காத பாத்திரத்தில், சிறிது வினிகர் சேர்த்த சாய நீரைச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கியபின் அமிழ்த்துக. கொதிநீரில் மெல்லிய இறக்கை கோணக்கூடும்; அவசரக்காரர் இழப்பது இங்கேதான். பாலிகார்பனேட் பாகங்களில் இச்சாயம் பற்றாது. கறுப்பு இறக்கையில் முயல்வது வீண்.

உலர்ந்தபின் நடுத்துளையில் மெல்லிய கம்பியைச் செருகிக் கிடையாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். எப்போதும் ஒரே முனை தாழுமாயின், அவ்விறக்கையைப் பூட்டலாகாது.