மலரின் வடிவமும் தேனீயின் பணியும்

தோட்ட லயங்களின் கொல்லைப்புறத்தில் பரங்கி, பாகல், கத்தரி முதலியவற்றைப் பயிரிடுவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். பால்வெட்டு முடிந்தபின் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் வளர்க்கப்படும் இச்செடிகள் குடும்பச் செலவைக் குறைக்கப் பெரிதும் துணை செய்கின்றன. ஆயினும், "கொடி நிறையப் பூக்கிறது, காய்தான் பிடிக்கவில்லை, பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது" என்னும் குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். உரம் போதவில்லை என்பர் சிலர்; கண்ணேறு பட்டது என்பர் வேறு சிலர். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. பூவுக்குத் தேனீ வந்ததா என்பதே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

பரங்கிப் பூவின் கிண்ணம்

ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவின் சூல்முடியில் படிந்தால்தான் பிஞ்சு காயாகும். இதனையே மகரந்தச் சேர்க்கை என்கிறோம். பரங்கிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் உருண்டையான சிறு பிஞ்சுடன் மலர்வது பெண் பூ. வெறும் காம்பின் மேல் மலர்வது ஆண் பூ. பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதனைச் சுமந்து செல்லாது. எனவே இயற்கை இப்பூவை அகன்ற மஞ்சள் கிண்ணமாக அமைத்து, தேனை அதன் அடியில் வைத்திருக்கிறது. தேனை நாடி இறங்கும் தேனீ நடுவிலுள்ள தண்டில் உரசாமல் அடியை எட்ட இயலாது. அவ்வாறு ஆண் பூவில் உடலெங்கும் பூசிக்கொண்ட தூளைப் பெண் பூவில் விட்டுச் செல்கிறது.

இக்கிண்ணம் வைகறையில் விரிந்து, நண்பகலுக்கு முன்பே மூடிக்கொள்கிறது, மீண்டும் மலர்வதில்லை. அச்சில மணி நேரத்தில் தேனீ வராவிடில், எவ்வளவு உரமிட்டாலும் பிஞ்சு உதிர்வது உறுதி.

தலைகீழான பூ

பால்மரக் கன்றுகளுக்கிடையே மண்ணைக் காக்கப் படரவிடப்படும் மூடுபயிர்களை நாம் நன்கறிவோம். இவை அவரை இனத்தைச் சேர்ந்தவை. பொதுவாக அவரை இனப் பூவில் அகன்ற இதழ் மேலே நிமிர்ந்திருக்கும். மகரந்தத் தாள்கள் கீழேயுள்ள படகு போன்ற இதழ்களுக்குள் மறைந்திருக்கும். தேனீ அமர்ந்ததும் அதன் பாரத்தால் படகு தாழ்ந்து, தாள்கள் வெளிப்பட்டு வயிற்றுப்புறத்தில் தூளைப் பூசும்.

மூடுபயிர்களுள் ஒன்றான சென்ட்ரோசீமாவிலோ இவ்வமைப்பு தலைகீழாக உள்ளது. அகன்ற இதழ் கீழே தளம்போல் விரிந்திருக்க, படகு மேலே கூரையாக நிற்கிறது. உள்ளே நுழையும் வண்டின் முதுகில் மகரந்தம் படிகிறது. வேலியில் படரும் சங்குப்பூவும் இவ்வாறே.

கத்தரியின் கதை வேறு. அதன் மகரந்தம் சிறு குழல்களில் அடைபட்டிருக்கிறது; குழலின் நுனியில் மட்டுமே நுண்ணிய துளையுண்டு. பெரிய கருவண்டாகிய தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது, உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல் தூள் கொட்டுகிறது. சாதாரணத் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. கத்தரி ஓரளவு தானே காய்ப்பினும், வண்டு வந்தால் காய்ப்பு மேம்படும்.

நம் பால்மரமும் செம்பனையும்

பால்மரத் தோட்டத்தில் தேன் மிகுதியாகக் கிடைக்கிறதே, அது பூவின் தேனா எனச் சிலர் வினவலாம். அன்று. இலையுதிர்வுக்குப்பின் துளிர்க்கும் இளந்தளிரில், மூன்று இலைகளும் காம்புடன் கூடுமிடத்திலுள்ள சிறு சுரப்பிகளிலிருந்தே தேனீ அதனைச் சேகரிக்கிறது. பால்மரப் பூவோ இதழ்களற்ற மிகச் சிறிய மஞ்சள் மணி. அதனுள் புகத்தக்கவை கொசுவினும் சிறிய ஈக்களும் இலைப்பேன்களுமே. ஒட்டுக்கன்றுக்கு அடித்தண்டாக நாம் முளைக்கவிடும் விதை இச்சிற்றுயிர்களின் உழைப்பால் கிடைப்பதாகும்.

பூவுக்கேற்ற பூச்சி இல்லையெனில் என்ன நேரும் என்பதற்கு நம் ஜொகூர் மாநிலமே சான்று. முன்னாளில் செம்பனையின் பெண் பூங்குலைக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தத் தூளை ஊதிவந்தனர். முட்கள் செறிந்த அக்குலைகளை மரந்தோறும் தேடிச் செய்யும் கடும்பணி அது. செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் இப்பணியைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்பதை ரஹ்மான் சையத் என்னும் பாகிஸ்தானிய அறிஞர் ஆய்ந்து காட்டினார். கேமரூன் நாட்டிலிருந்து கொணரப்பட்ட அவ்வண்டு, 1981 ஆம் ஆண்டு பிப்ரவரியில் குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது. ஆண் பூவில் உண்டு பெருகி, மணத்தால் ஈர்க்கப்பட்டுப் பெண் பூவின் இடுக்குகளிலும் நுழையும் அவ்வண்டினால் குலைகள் நன்கு காய்த்தன. கையால் தூள் ஊதும் வேலையும் மறைந்தது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பூத்திருக்கும் செடிகளுக்குக் காலையில் பூச்சிமருந்து தெளித்தலாகாது. இன்றியமையாதபோது, பூ மூடித் தேனீக்கள் கூடடைந்த மாலை வேளையில் தெளிக்கலாம். இரண்டாவதாக, தேனுக்காகக் கூட்டைத் தீயிட்டு அழிக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். மூன்றாவதாக, வேலியோரப் பூஞ்செடிகள் சிலவற்றை வெட்டாமல் விட்டுவைத்தல் நலம்.

தேனீ வாராத இடங்களில், காலை ஒன்பது மணிக்குள் அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் களைந்து, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுக. பால்வெட்டுக்குச் செல்வோர் வீட்டிலுள்ள பெரியோரிடமோ பிள்ளைகளிடமோ இதனைக் கற்பித்து ஒப்படைக்கலாம். உதிரவிருந்த பிஞ்சு சில நாள்களில் பருக்கத் தொடங்குவதைக் கண்ணாரக் காணலாம்.