அந்தப் பச்சைப் புள்ளி யாருக்காக?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். இரவு ஒன்பது மணி இருக்கும். எதிரே இறங்கி வந்த வண்டியெல்லாம் எங்களைப் பார்த்து டிப் அடித்தது. "டிம்லதானே மச்சான் போறேன், எதுக்கு அடிக்கிறாங்க?" என்று மைத்துனர் அலுத்துக்கொண்டார். பர்லியாறில் தேநீருக்கு நிறுத்தி முன்பக்கம் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. போன வாரம் பம்பரில் போட்ட இரண்டு எல்.இ.டி. விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. சுவிட்ச் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் இருந்தது. கால் பட்டு ஆன் ஆகியிருக்கிறது. எரிகிறதா இல்லையா என்று காட்ட அதில் ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் உள்ள அந்தச் சாலையில் எத்தனை பேரின் கண்ணைக் கூச வைத்தோம் என்று நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

கூடுதல் விளக்கு போடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஊட்டிப் பனியிலும் ஏற்காடு மழையிலும் ஃபாக் லேம்ப் உயிர் காக்கிறது. ஆனால் விளக்கை வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்கிற நாம், அதை எப்படி இணைப்பார்கள் என்று கேட்பதே இல்லை.

கணக்கு எளிது. 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் அது ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டேஷ்போர்டில் ஒட்டுகிற சின்ன சுவிட்ச் வழியாக இவ்வளவு கரண்ட்டையும் விட்டால் அது சூடாகி உருகும். அதற்காகத்தான் ரிலே. அதன் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் தடித்த ஒயர் 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு. 85 எர்த், சுவிட்ச் ஒயர் 86-க்கு. சுவிட்சில் ஓடுவது ரிலேயின் சுருளுக்குத் தேவையான துளிக் கரண்ட் மட்டுமே.

ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது காப்பது விளக்கை அல்ல, ஒயரை. ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. அதனால்தான் அந்தத் தூரம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும் என்கிறேன். 15 ஆம்பியர் ஃப்யூஸ் நீல நிறம். அது போனால் மஞ்சள் நிற 20-ஐச் செருகுவதும், செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவதும் தீக்கு அழைப்பு வைக்கிற வேலை.

இனி அந்தச் சின்ன விளக்கு. வெளிச்சம் வருகிற சுவிட்சுகளில் பெரும்பாலும் மூன்று கால்கள் இருக்கும்: சப்ளை, லோடு, எர்த். மூன்றாவது கால் சுவிட்சுக்குள் இருக்கும் குட்டி விளக்குக்காக மட்டும். லோடையும் எர்த்தையும் மாற்றிக் கொடுத்தால், சுவிட்சைப் போட்ட நொடியே சப்ளை நேராக பாடிக்குப் போய் ஃப்யூஸ் அடிக்கும். 'பீஸ் சரியில்ல சார்' என்று கடையில் புது சுவிட்சைத் தலையில் கட்டுவார்கள். தவறு இணைப்பில் இருக்கும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. குறிகாட்டி விளக்குக்கான ஒயரை 86-லிருந்து எடுத்தால் சுவிட்ச் ஆன் என்று மட்டும்தான் தெரியும். ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டால், சுவிட்சை அணைத்த பிறகும் வெளியே விளக்கு எரியும். உள்ளே குறிகாட்டி அணைந்திருக்கும். 87-லிருந்து எடுத்தால் விளக்குக்குக் கரண்ட் போகிறதா என்பதையே அது காட்டும். தனி எல்.இ.டி. வைப்பதானால் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்க்க வேண்டும். ஃபாக் லேம்புக்குப் பச்சை போதும். நீலம் ஹை பீமுக்கு உரியது; அதைத் தொடாதீர்கள். தூரம் பாய்ச்சுகிற விளக்காக இருந்தால், சுவிட்சுக்கு வரும் சப்ளையை ஹை பீம் ஒயரிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்; டிம் அடித்தால் அதுவும் சேர்ந்து அணையும். ஃபாக் லேம்ப் சுவிட்சுக்குப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து சப்ளை வரட்டும். நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டு அணைக்க மறந்தால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு மணி நேரம்கூடத் தாங்காது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதி ஓர் அளவையே தந்திருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டேப் பிடித்து அளந்து, நீங்களே அங்கே நின்று பாருங்கள். கூசினால் விளக்கைக் கீழே சாய்க்க வேண்டும், அல்லது கழற்ற வேண்டும். ஸ்பாட் லைட், சர்ச் லைட் இரண்டையும் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் முன்பக்கம் மாட்டக் கூடாது என்கிறது 111-ஆம் விதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத வகையில் பாகங்களைச் சேர்த்து வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். அது விழுவது உரிமையாளர் மேல். 'எல்லாரும் போடுறாங்க சார்' என்று சொன்ன கடைக்காரர் அன்று கூட நிற்கமாட்டார்.

அதனால் சென்னை ஜி.பி. ரோடோ உங்கள் ஊர்க் கடையோ, பில் இல்லாமல் வேலை வாங்காதீர்கள். விளக்கின் மாடல், வாட், ரிலே, ஃப்யூஸ் அளவு, கம்பெனி ஒயரை வெட்டினார்களா கப்ளரில் இணைத்தார்களா என்பதெல்லாம் பில்லில் வரட்டும். ஒயரை வெட்டியிருந்தால் வாரன்ட்டி பேச்சு அங்கேயே சிக்கலாகும். இன்சூரன்ஸில் கூடுதல் மின் பொருட்களைத் தனியாக மதிப்புப் போட்டுச் சேர்க்கவும் மறக்காதீர்கள். ஒயரிங் தவறால் வண்டி கெட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் அது சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற உதவி எண். அங்கே தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கண் கூசி விபத்தில் சிக்கியவர் நீங்களாக இருந்தால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதம் கடக்கும் முன் மனு போட்டுவிடுங்கள். அதற்கும் முன்பாக, சம்பவ இடத்திலேயே எதிர் வண்டியின் கூடுதல் விளக்குகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள். அந்த விளக்குகளும் அவை இணைக்கப்பட்ட விதமும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் பதிவாக வேண்டும் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.