கோதுமை வயலும் கடல்கடந்த மா ஆலையும்

கோதுமை என்பது எங்கும் ஒரே தன்மையுடைய தானியம் எனப் பலர் எண்ணுவர். மா ஆலை நடத்துவோர் அவ்வாறு எண்ணுவதில்லை. உப்பி எழும் பாணுக்கு ஒருவகைக் கோதுமை வேண்டும்; பிஸ்கற்றுக்கு மென்மையான வேறொருவகை வேண்டும்; மக்கரோனிக்கோ மிகக் கடினமான மணி வேண்டும். இவ்வேறுபாட்டுக்கு முக்கிய காரணம் புரதமாகும். மாவை நீர் விட்டுப் பிசையும்பொழுது அப்புரதம் றப்பரைப்போல் இழுபடும் குளூட்டனாக மாறுகின்றது. மா புளிக்கும்போது எழும் வாயுவைப் பிடித்துவைத்துப் பாணை உப்பச் செய்வது இதுவே. குளூட்டன் வலுவிழந்தால் பாண் அமுங்கிவிடும். ஆயினும், அதன் வலிமையை வயலில் நிற்கும் கதிரைப் பார்த்து அறிதல் இயலாது.

இங்கேதான் கமக்காரனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே ஓர் இடைவெளி தோன்றுகின்றது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் விளையும் கோதுமை, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் புகைவண்டியிற் சென்று வான்கூவர் துறைமுகத்தை அடைகின்றது. வழியில், பல வயல்களின் தானியம் வகுப்பும் தரமும் நோக்கி ஒன்றாகக் கலக்கப்படுகின்றது. ஆசிய நாடொன்றிலுள்ள ஆலைக்காரர் அதை விளைவித்தவரை அறியார்; விளைவித்தவரும் அது எவ்வாறு பயன்பட்டதென்பதை அறியார்.

இவ்விடைவெளியை நிரப்புவதற்காக 1972ஆம் ஆண்டில் வினிப்பெக் நகரிற் கனடிய சர்வதேசத் தானிய நிலையம் நிறுவப்பட்டது. அங்கே சிறிய மா ஆலையும், பாண் சுட்டுப் பார்க்கும் கூடமும், நூடில்ஸும் மக்கரோனியும் செய்து பார்க்கும் பொறிகளும் உள்ளன. பல நாடுகளின் ஆலை முகாமையாளரும் தானியக் கொள்வனவாளரும் அங்கு வந்து பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் கற்பதோடு நில்லாது, தம் மக்கள் விரும்பும் பண்டம் எது, வந்த கோதுமையிற் குறை யாது என்பவற்றையும் எடுத்துரைக்கின்றனர். அறுவடைக்குப் பின்னர், கமக்காரரும் விஞ்ஞானிகளும் ஏற்றுமதியாளரும் அடங்கிய குழுக்கள் வாங்கும் நாடுகளுக்குச் சென்று, புதிய விளைச்சலின் தன்மையை விளக்குவதும் வழக்கம்.

1935இல் அமைந்த கனடியக் கோதுமைச் சபையின் தனிவிற்பனை உரிமை 2012இல் நீங்கியது. அதன்பின் பல வணிக நிறுவனங்கள் தனித்தனியே விற்கத் தொடங்கின. வாங்குவோரின் சொல்லை ஒருங்கே கேட்டு வயல்வரை கொண்டுசெல்லும் பொதுநிலையத்தின் தேவை இதனால் மேலும் மிகுந்தது. அந்நிலையம் 2020இல் சீரியல்ஸ் கனடா என்னும் அமைப்புடன் இணைந்தது. இப்பணிக்குக் கமக்காரரும் பங்களிக்கின்றனர். அவர்கள் விற்கும் ஒவ்வொரு தொன்னிலும் கழிக்கப்படும் சிறு தொகை மாகாணக் கோதுமைச் சங்கங்களின் வழியே இதனைச் சேர்கின்றது.

வாங்குவோரின் சொல்லுக்கு எத்துணை வலிமையுண்டு என்பதைப் பின்வரும் நிகழ்ச்சி காட்டும். 2010ஐ அடுத்த ஆண்டுகளில், கனடாவின் சிறந்த செந்நிறக் கோதுமையிற் குளூட்டன் வலுக்குறைந்துள்ளதென வெளிநாட்டு ஆலைக்காரர் முறையிட்டனர். ஆராய்ந்தபோது, வயலிற் பெரிதும் பயிரிடப்பட்ட சில வகைகளே காரணமெனத் தெரிந்தது. கமக்காரர் மாற்று விதையைத் தேடிக்கொள்ளும் பொருட்டு முன்கூட்டியே அறிவித்தல் கொடுக்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் முதலாந் தேதி அவ்வகுப்பிலிருந்து 25 வகைகள் நீக்கப்பட்டு, வேறொரு வகுப்பிற் சேர்க்கப்பட்டன. நல்ல விளைச்சல் தந்த விதையைக் கைவிடுவது கமக்காரருக்கு எளிதன்று. எனினும், குறையை மறைத்திருப்பின், கொள்வோர் வேறு நாட்டை நாடியிருப்பர். அந்த இழப்பு எல்லாக் கமக்காரரையும் தாக்கியிருக்கும்.

இலங்கையர் உண்ணும் பாணும் கோதுமை றொட்டியும் கடல்கடந்து வரும் கோதுமையினால் ஆனவையே. நம்முடைய சமையலறையில் மா நன்றாகப் பிசைபட வேண்டுமாயின், எங்கோ தொலைவில் விதை தெரிவுசெய்யும் கமக்காரனுக்கு நமது தேவை எட்டவேண்டும். அதனை எட்டச் செய்வதே இத்தகைய நிலையங்களின் பணியாகும்.