செயல்வழிக் கற்றலும் தொழினுட்பக் கருவியும்: படுவான்கரையை முன்வைத்துச் சில கருத்துகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை, பொழுது படும் திசையில் அமைந்தமையால், படுவான்கரை எனப்படுகின்றது. வலையிறவுப் பாலத்தைக் கடந்ததும் எதிர்ப்படுவது வவுணதீவு. வயலையும் வாவியையும் நம்பி வாழும் இப்பிரதேசத்துப் பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேசுவோர், கணினியும் இணையமும் வந்தால் எழுவான்கரையுடனான இடைவெளி குறையும் என்பர். இக்கருத்தை ஆராயாது ஏற்பதற்கில்லை.

செயல்வழிக் கற்றல் நமக்குப் புதியதன்று. 1999இல் நாடளாவி நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் எழுத்து வேலைக்கு நிகராக வைத்தது. 2007இன் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என ஐந்து படிகளை வகுத்தது. எனினும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க, செயற்பாடுகள் ஒதுங்கி மாதிரி வினாத்தாள்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆசிரியரை மட்டும் குறைகூறல் நியாயமன்று. பெற்றோர் கேட்பதும் அதனையே.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வகுப்பறைகளாயின. கருவி புதியது, முறையோ பழையது. ஆசிரியர் அனுப்பினார், மாணவர் பிரதிசெய்தனர். கருவியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் கிட்டவில்லை.

ஆகவே, பிள்ளை எதைச் செய்கின்றது என்பதே முதல் வினாவாதல் வேண்டும். வாவி நீரையே எடுத்துக்கொள்வோம். மாரியில் ஆற்றுநீரும் மழைநீரும் பெருகி அதன் உவர்ப்புக் குறையும்; கோடையில் கூடும். பானம் உறிஞ்சும் குழாயொன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்துப் பாரமேற்றி நீரில் நிமிர்த்தி மிதக்கவிட்டால், உவர்நீரில் அது சற்று உயர்ந்து நிற்கும், நன்னீரில் தாழும். குழாயில் கோடிட்டு அளக்கலாம். ஒரு பிழை இங்கு அவசியம் நேரும்: ஒருவர் களிமண்ணைக் கூட்டி வைப்பார், மற்றவர் குறைத்து வைப்பார், அளவீடுகள் முரண்படும். ஒரே நீருக்கு இரு விடைகள் எவ்வாறு என்று அவர்கள் வாதிடும் அந்த வேளையிலேயே அளவுத்திட்டம் என்னும் கருத்துப் பிறக்கின்றது. அதனை விரிவுரையால் ஊட்டிவிட முடியாது.

தொழினுட்பத்தின் இடம் இதற்குப் பின்னரே வருகின்றது. கிழமைதோறும் எடுத்த அளவீட்டையும் படத்தையும் கைத்தொலைபேசி வழியே எழுவான்கரைப் பாடசாலையொன்றுடன் பரிமாறலாம். முகத்துவாரத்தருகே உள்ள நீர் ஏன் வேறுபடுகின்றது என்ற வினா அப்போது மாணவரிடமிருந்தே எழும். அங்கு படுவான்கரைப் பிள்ளை பெறுபவர் மட்டுமல்லர், தருபவருமாவார்.

இதற்கு வகுப்புக்கொரு கைத்தொலைபேசி போதும். ஒரு பாடவேளை போதாது. அடுத்தடுத்த இரு பாடவேளைகள் வேண்டும். நேரசூசியில் அதற்கு இடம் காண்பது பாடசாலைக்குள்ளேயே ஆகக்கூடிய காரியம்.