கடலூரிலிருந்து சிதம்பரம் பக்கம் கடலோரமா நடக்கலாமா?

வேல்ஸில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. அதன் கரையைச் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. லீவு போட்டு, ஊர் ஊராகத் தங்கி நடக்கிறார்கள். நம்ம கரையில் முடியுமா என்று மேப்பை வைத்துப் பார்த்தேன்.

பாதியளவு முடியும். கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே ஆரம்பித்து, சாமியார்பேட்டை வழியாகப் பரங்கிப்பேட்டை வரை 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். அங்கே வெள்ளாறு கடலில் கலக்கிறது, நடை நின்றுவிடும்.

அதுக்கு அப்புறம்தான் நம்ம ஊர்த் தீவு. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே பிச்சாவரம் உப்பங்கழி, கிழக்கே கடல். நடுவில் மணல் திட்டுகள். இங்கே நிரந்தரப் பாதை போடுவது கஷ்டம். மழைக்கால வெள்ளம் முகத்துவாரத்தை அகலமாக்கும். கோடையில் அலை கொண்டுவரும் மணல் அதைக் குறுக்கும். போன வருஷம் நடந்த இடத்தில் இந்த வருஷம் தண்ணி நிற்கலாம்.

எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவர் கிராமம் இங்கேதான் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அதை நேராகத் தாக்கியது, பலர் இறந்தார்கள். பிச்சாவரம் காடு அலையைத் தடுத்தது என்று படித்திருப்பீர்கள். அது காட்டுக்கு மேற்கே இருந்த ஊர்களுக்கு. திட்டு இருந்ததோ காட்டுக்கும் கடலுக்கும் நடுவில். பிழைத்தவர்கள் கிள்ளைப் பக்கம் குடியேறினார்கள்.

போகிறவர்கள் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு போங்க. முகத்துவாரத்தில் தண்ணி முழங்கால் அளவுதான் என்று தோன்றினாலும் இறங்காதீங்க. அங்குள்ள மீனவர்களைக் கேட்டு, படகிலேயே தாண்டுங்க.