வாடகை பாக்கியா? நோட்டீஸ் வந்தால் ஒரே மாதம்தான்... அதற்கு முன் தவணை பேசி எழுதிக்கொள்வது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பமோ, சிதம்பரம் அண்ணாமலை நகரோ, வாடகை நின்றுபோனால் முதலில் நடப்பது வாய்ப்பேச்சுதான். "அடுத்த மாசம் சேர்த்துக் கொடுத்துடறேன் சார்" என்பார் குடியிருப்பவர். "சரிப்பா, பாத்துக் குடு" என்பார் ஓனர். மூன்றாவது மாதம் அதுவே சண்டையாகிவிடுகிறது. அந்தப் பேச்சைத் தாளில் எழுதியிருந்தால் இருவருக்குமே நிம்மதி. ஏன்?

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் ஓனர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மொத்த பாக்கியையும் வட்டியோடு கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக காலி செய்யச் சொல்லி உத்தரவு போட முடியாது.

ஆனால் இந்தச் சலுகை ஒருமுறைதான். அதன்பிறகு ஏதாவது ஒரு வருடத்தில் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை நின்றால், மறுபடி கிடைக்காது.

தவணை கேட்பது உரிமையா?

இல்லை. சட்டம் தருவது, முழுத் தொகையையும் கட்ட ஒரு மாத அவகாசம் மட்டுமே. தவணை என்பது ஓனர் சம்மதித்தால்தான். அதனால் நோட்டீஸ் வருவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

என்ன எழுத வேண்டும்?

உதாரணமாக, வாடகை 6,000 ரூபாய், பாக்கி 3 மாதம் என்றால் மொத்தம் 18,000. மாத வாடகையோடு 3,000 சேர்த்து 9,000 கட்டினால் 6 மாதத்தில் கடன் தீரும். எந்தெந்த மாத பாக்கி, தவணைத் தொகை, கட்டும் தேதி, வட்டி உண்டா இல்லையா, ஒரு தவணை தவறினால் என்ன என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஜிபேயில் அனுப்பினாலும் 'இந்த மாத வாடகை', 'பழைய பாக்கி' என்று குறிப்பு போடுவது அவசியம். ரொக்கம் என்றால் ரசீது கட்டாயம்.

'அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க' எனலாமா?

வாடகைதாரர் தானாகக் கழிக்க முடியாது. அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்யும்போது பாக்கி போக திருப்பித் தர வேண்டிய பணம். இடையிலேயே கழிப்பதென்றால் ஓனர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓனருக்கு என்ன லாபம்?

வாடகை பாக்கியைக் கேட்டு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடிவதற்குள் 'இவ்வளவு பாக்கி' என்று வாடகைதாரர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

பாக்கி இருக்கிறது என்பதற்காக தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் தரலாம். இவர் துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. கடலூரும் சிதம்பரமும் தனித்தனி வருவாய்க் கோட்டங்கள் என்பதால், அந்தந்த ஊர் கோட்ட அலுவலகத்திலேயே விசாரிக்கலாம்.

பேச்சு முறிந்தால்?

வழக்குக்குப் போகும் முன்பே சமரசம் பேச சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச உதவி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் முடிவான தவணைக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு; அதன்மீது அப்பீல் கிடையாது. எனவே உண்மையிலேயே கட்ட முடிந்த தொகைக்கு மட்டுமே வாடகைதாரர் தலையாட்ட வேண்டும்.