சுண்ணாம்பு எவ்வளவு சுடும்?

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுவருக்கு வெள்ளையடிக்கவும் வேண்டும். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றின் அழுக்கை நீக்குவதும் அதுதான். பழகிய பொருள் என்பதால் யாருக்கும் பயம் இல்லை.

மத்தியப் பிரதேசத்தில் கட்னி என்று ஓர் ஊர் இருக்கிறது. சுண்ணாம்புக்குப் பெயர் போன ஊர். அங்கே சூளைகளில் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுடுவார்கள். கல்லில் உள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. பார்த்தால் ஆறிப்போன கல் போலத்தான் இருக்கும். தண்ணீர் பட்டால் தெரியும் சேதி! சீறும், உடையும், தண்ணீரையே கொதிக்க வைக்கும்.

இதை மூட்டை கட்டுகிறவர் உடம்பில் வியர்வை இருக்கிறது. கண்ணில் ஈரம் இருக்கிறது. அவையும் தண்ணீர்தானே?

சூடு ஒரு பாதி ஆபத்து. மறு பாதி காரம். மிளகாய்க் காரம் அல்ல, அரிக்கும் காரம். அதை அளக்க பி.எச். என்ற எண் உண்டு. 0 முதல் 14 வரை போகும். சுத்தமான தண்ணீருக்கு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் கூடினால் காரம் பத்து மடங்கு கூடும். 11.5 அல்லது அதற்கு மேல் என்றால், தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள் என்றே பொதுவாக வைத்துக்கொள்வார்கள். சுண்ணாம்புத் தெளிநீருக்கு 12-க்கும் மேல்! ஈரச் சிமெண்டும் அப்படித்தான். கொத்து வேலை செய்வோரின் விரல்கள் புண்ணாவது இதனாலும்தான்.

மஞ்சள் காரத்தில் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பது அப்படித்தான். ஆனால் சோப்புத் தண்ணீரிலும் மஞ்சள் சிவக்கும். காரம் இருப்பதைச் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு பி.எச். தாள் வேண்டும்.

முன்பு முயலின் கண்ணில் மருந்தை விட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1944-இல் ட்ரெய்ஸ் என்பவர் வகுத்த முறை. பாவம் முயல்! இப்போது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதத் தோலிலும் சோதிக்க முடிகிறது.

அமிலம் பட்டால் மேல்தோல் வெந்து கெட்டியாகி, ஓரளவு தடுத்துவிடும். காரம் நிற்காது. கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே உள்ளே இறங்கும். வலி தாமதமாகக்கூட வரலாம். கண்ணில் பட்டால் கருவிழி வெளுத்துப் பார்வை போகலாம். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் பீய்ச்சியடித்துக் கண் கெட்ட குழந்தைகள் நம் நாட்டில் உண்டு.

தோலில் தூள் பட்டால், முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட வேண்டும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சூடுதான் கிளம்பும். கண்ணில் விழுந்தால் கசக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு, எண்ணெய் எதுவும் விடக் கூடாது. இமையைப் பிரித்துப் பிடித்து, நல்ல தண்ணீரை அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இமைக்கு அடியில் துகள் ஒளிந்திருக்கும். அதை எடுக்க உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.